நம் வீட்டில் ஒளிந்திருக்கும் திறமை

சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

 

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'இயற்கையான திறமையை அறிந்து வளர்ப்பது எப்படி' என்பது. 'எப்படி' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினேன். நான் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஜபல்பூர், நாக்பூர், கொல்கத்தா என்று மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் கணக்குதான் சொல்லிக் கொடுத்தேன். கணக்கில் வழிமுறை உண்டு. ஒழுங்காகப் போட்டால் விடை வந்துவிடும். இந்த விஷயத்தில் அப்படியொரு வழிமுறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்ததில் ஒன்று புரிந்திருக்கிறது. நம் வீடுகளில் திறமைக்குக் குறைவில்லை. அதைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் குறைவு. அந்தக் கண்ணின் வேலையை நாம் மார்க் ஷீட்டிடம் ஒப்படைத்துவிட்டோம்.

மார்க் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மார்க் போட்டே சம்பளம் வாங்கியவள் நான். நம் தாத்தாக்கள் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறியபோது, கையில் இருந்த ஒரே சொத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் நாலு பேர் ஓர் அறையில் தங்கி, அந்த மார்க்கைக் காட்டித்தான் வேலை வாங்கினார்கள். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஆகையால் மார்க்கைப் பற்றி நமக்கு இருக்கும் பயம் அசட்டுத்தனம் இல்லை. ஆற்றைக் கடக்க உதவிய ஓடம் அது. கரையேறி இரண்டு தலைமுறை ஆன பிறகும் அதைத் தலையில் சுமந்துகொண்டு நடக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கணக்கு டீச்சர் பேச வந்தால் ராமானுஜன் வராமல் இருப்பாரா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. வருவார். ஆனால் அவருடைய மேதைமையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவரைக் கண்டுகொண்டவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடாததால் ராமானுஜன் இழந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. நம் பாஷையில் சொன்னால், உருப்படாத பையன். 1910-ல் வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமஸ்வாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை. ரெவின்யூ ஆபீஸின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் இந்தப் பிள்ளையின் கணக்கு அங்கேயே புதைந்து போகும் என்று நினைத்து, சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். கஷ்டப்படும் பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தால் ஊரே அவரைப் புகழ்ந்திருக்கும். அந்தச் சுலபமான உபகாரத்தைச் செய்யாமல் இருக்க எவ்வளவு தெளிவு வேண்டும்!

அதன்பின் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்தவர் எஸ். நாராயண ஐயர், அவரும் கணக்கு படித்தவர். ராத்திரியில் திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஒரே தாவாகத் தாவிவிடுவார். எனக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், நடுவில் இன்னும் பத்துப் படி எழுது என்று நாராயண ஐயர் விடமாட்டாராம். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். ஆஹா ஓஹோ என்று சொல்வது எல்லோராலும் முடியும். ஆபீஸ் முடிந்து வந்த களைப்போடு பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தப் படி எங்கே?' என்று கேட்கிறவர்தான் வளர்க்கிறவர்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் போனது. அதற்கு முன்னால் அதே ஊர்ப் பேராசிரியர்கள் இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. 1914-ல் கப்பலேறினார், 1918-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். ஹார்டிதான் ராமானுஜனைக் கண்டுபிடித்தார் என்று நாம் சொல்கிறோம். ஹார்டிக்கு முன்னால் ஒரு டெபுடி கலெக்டரும் ஒரு கலெக்டரும் ஒரு துறைமுக அதிகாரியும் கண்டுபிடித்திருந்தார்கள். அவருடைய கணக்கு முழுவதும் அவர்களுக்குப் புரிந்துவிடவில்லை. புரியாமலேயே மதிக்கத் தெரிந்திருந்தது.

'நமக்கே தெரியாத விஷயத்தில் குழந்தைக்குத் திறமை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது மாமி?' என்று சென்ற கூட்டத்தில் ஓர் அப்பா என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. வகுப்பில் நான் நம்பிய அடையாளம் ஒன்றைச் சொல்கிறேன். நன்றாகச் செய்கிறானா என்று முதலில் பார்க்கமாட்டேன். யாரும் சொல்லாமல் எதைச் செய்கிறான், அதில் தோற்றுப்போனால் மறுநாள் மறுபடியும் அதற்கே போகிறானா என்று பார்ப்பேன். இன்னொன்றும் உண்டு. தனக்கு வருகிற விஷயத்தில் பிள்ளைகளுக்குக் கண் கூர்மையாக இருக்கும். மற்றவர்கள் 'நன்றாக இருக்கிறது' என்று நகர்ந்துவிடும் இடத்தில், 'இங்கே ஏதோ சரியில்லை' என்று நிற்பார்கள். பாட்டு வருகிற குழந்தைக்குப் பக்கத்து வீட்டு ரேடியோவில் சுருதி விலகினால் முகம் சுளிக்கும்.

ஜபல்பூரில் ஒரு பையன் இருந்தான். அப்பா அங்கிருந்த ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலையில் வேலை. கணக்கில் 45, 48 வாங்குவான். பாட்டு இல்லை, படம் வரைய வராது, ஓட்டப் பந்தயத்திலும் கடைசி. அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர் மாமி, இவனுக்கு ஒண்ணுமே வரலை. நீங்களாவது ஏதாவது சொல்லுங்கோ" என்று கண் கலங்குவாள். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து பேடாகாட் அருவிக்கு 80 பிள்ளைகளை அழைத்துப் போனோம். கிளம்பி அரை மணி நேரத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், யார் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும், யார் சாப்பாடு கொண்டு வரவில்லை, எல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவனை நியமிக்கவில்லை. திரும்பும்போது மொத்தம் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணுவதற்குள், "மிஸ், ரெண்டு பேர் குறையறா, தண்ணீர் பாட்டில் ரொப்பப் போயிருக்கா" என்றான்.

இதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சான்றிதழ் கிடையாது. நான் அவன் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு மனிதர்களை வைத்து வேலை நடத்த வருகிறது, இதை ஒரு திறமையாகவே எண்ணுங்கள் என்று சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அடுத்த வருஷம் ஆண்டு விழாவில் உட்காரும் ஏற்பாடு முழுவதையும் அவனிடம் கொடுத்தோம். அதற்கடுத்த வருஷம் ராமநவமி உற்சவத்துக்கு நம் சமாஜத்துப் பெரியவர்கள் பந்தி விசாரணையை அவனிடம் விட்டார்கள். பந்தி விசாரணை எவ்வளவு கஷ்டம் என்று இங்கே கமிட்டியில் இருப்பவர்களுக்குத் தெரியும்! காமர்ஸ் படித்தான். இப்போது சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில், மூன்று மாநிலங்களுக்கு லாரி அனுப்பும் பொறுப்பில் இருக்கிறான். கணக்கு இன்னும் சுமார்தான் என்று அவனே சொல்வான்.

மேடையில் காட்டக்கூடியதைத்தான் நாம் திறமை என்று நினைத்துவிடுகிறோம். நோயாளி பக்கத்தில் பொறுமையாக உட்காருவது, சண்டை போடுகிற இரண்டு பேரைச் சமாதானம் செய்வது, உடைந்த மிக்ஸியைப் பிரித்து மாட்டுவது, இவற்றுக்குக் கைதட்டல் கிடையாது என்பதால் கண்ணிலும் படுவதில்லை.

என் அத்தையை நினைத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமம். 14 வயதில் கல்யாணம், 17 வயதில் கணவர் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, நான் நோட்டில் போடும் கூட்டு வட்டிக் கணக்குக்கு எனக்கு முன்னால் விடை சொல்லிவிடுவாள். களத்து நெல்லைக் கலமும் மரக்காலுமாகச் சொன்னால், அரைக்கால் மாகாணி பிசகாமல் பங்கு பிரித்துவிடுவாள். "எப்படி அத்தை?" என்று கேட்டால், "எனக்கென்னடி தெரியும்? மனசுல வரது, சொல்றேன்" என்பாள். அவளுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அவளிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள். நான் எம்.எஸ்.சி. கணிதம் தேறியபோது அவள்தான் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அத்தைக்கு வெகு முன்னாலேயே, 1886-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே கதி நேர்ந்தது. சிறு வயதில் கல்யாணம், உடனே வைதவ்யம். ஆனால் அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் பெண்ணைப் படிக்க வைத்தார். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தில் பி.ஏ. தேறிய முதல் இந்து விதவை ஆனார் அந்தப் பெண். சகோதரி சுப்பலக்ஷ்மி என்று உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்காக இல்லம் தொடங்கினார். அது பிறகு திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. அங்கே படித்துப் பல பெண்கள் டீச்சர் ஆனார்கள். இல்லத்துக்குத் துணை நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவைதான். என் அத்தைக்கும் சுப்பலக்ஷ்மி அம்மாளுக்கும் புத்தியில் எவ்வளவு தூரம் என்று யாரால் அளக்க முடியும்? வீட்டில் பார்த்தவர்களின் கண்ணில் இருந்த தூரம் எனக்குத் தெரியும்.

சரி, கண்டுகொண்டாயிற்று, வளர்ப்பது எப்படி? பணம் வேண்டும், பெரிய கோச் வேண்டும் என்று நினைக்கிறோம். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. அப்பாவின் வேலை நிமித்தம் சில காலம் மணிலாவில் இருந்தார்கள். அங்கே பகல் நேரத்தில் டிவியில் ஒரு செஸ் நிகழ்ச்சி. புதிர் ஒன்று கொடுப்பார்கள். பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். இவர்களே திரும்பத் திரும்ப ஜெயித்ததால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்! 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவருக்கு அஸ்திவாரம், ஓர் அம்மா மத்தியானத் தூக்கத்தை விட்டுக் குறிப்பு எடுத்த அந்த நோட்டு.

பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர், இசை, சிற்பம், நீச்சல், டென்னிஸ், கணிதம், நரம்பியல் ஆகிய துறைகளில் உச்சத்துக்குப் போன 120 பேரை ஆராய்ந்து 1985-ல் புத்தகம் வெளியிட்டார். அவர்களுடைய முதல் குரு பெரும்பாலும் பெரிய வித்வானாக இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த, குழந்தைகளிடம் பிரியமாகப் பழகத் தெரிந்த சாதாரண ஆசிரியர். முதலில் ஆசை, பிறகு கண்டிப்பு, அதற்கும் பிறகுதான் பெரிய குரு. நாம் எல்.கே.ஜி.யிலேயே மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். திங்கள் வாய்ப்பாட்டு, செவ்வாய் அபாகஸ், புதன் கீபோர்டு, சனிக்கிழமை பரதநாட்டியம், ஞாயிற்றுக்கிழமை ஸ்லோக வகுப்பு. குழந்தைக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதற்குச் சும்மா இருக்கும் ஒரு சாயங்காலம் வேண்டாமா?

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் விஷயத்தில் இது கஷ்டமான தேர்வாகவே வந்தது. அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். மகனும் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ தமிழில் பித்து. அந்தத் தந்தை என்ன செய்தார் தெரியுமா? நல்ல தமிழாசிரியர் எங்கே இருக்கிறார் என்று தேடி, அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தையே மாற்றிக்கொண்டு போனார். 1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டு சேர்த்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியிடம் சங்கீதமும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார் சாமிநாதையர். பிள்ளையவர்கள் அதை விரும்பவில்லை என்று தெரிந்ததும் சங்கீதத்தை விட்டுவிட்டார். சங்கீதக் குடும்பத்தில் இது சின்ன இழப்பு இல்லை. தமக்குப் பிடித்தது வேறு, பிள்ளைக்கு வருவது வேறு என்று ஒப்புக்கொண்ட தந்தை கிடைத்ததால்தான் 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

பாராட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'எங்காத்துக் குழந்தை ரொம்ப ஷார்ப்' என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிறோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முல்லர், ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள், அந்தப் பெயர் போய்விடுமோ என்று சுலபமான கணக்கையே எடுத்தார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் கஷ்டமான கணக்கைக் கேட்டார்கள். என் வகுப்பிலும் பார்த்திருக்கிறேன், முதல் ரேங்க் பிள்ளைகளுக்குத்தான் தப்பாகிவிடுமோ என்ற பயம் அதிகம்.

'வராது' என்று பெரிய இடத்திலேயே சொல்லிவிட்டால்? மைசூரில் வளர்ந்த ஆர்.கே. லக்ஷ்மண் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறமை இல்லை என்று பதில் வந்தது. அவர் மைசூரிலேயே பி.ஏ. படித்துக்கொண்டு, காக்கையையும் கடைத்தெருவையும் வரைந்துகொண்டே இருந்தார். அதே பம்பாயில் அவருடைய சாமானியன் அரை நூற்றாண்டுக் காலம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நின்றான். சின்ன வயதில் வகுப்பில் அவர் வரைந்த அரச இலையைப் பார்த்து ஓர் ஆசிரியர் மெச்சினாராம். பிற்பாடு வந்த மறுப்பை விட அந்த மெச்சல்தான் மனசில் தங்கியிருக்க வேண்டும்.

இதை எல்லாம் இன்றைக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இங்கே பத்தாவது முடித்த பிள்ளைகளோடு ஆறேழு குடும்பங்கள் வந்திருக்கின்றன. அடுத்து என்ன குரூப், எந்தக் கோச்சிங் என்று பேசிக்கொண்டிருப்பது என் காதில் விழுந்தது. ராஜஸ்தானில் கோட்டா நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள். ஐ.ஐ.டி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் ஆனந்தப்படுகிற குழந்தையைத் தாராளமாக அனுப்புங்கள், அதற்கு அது விளையாட்டு. ஆனால் அனுப்பும் முன்னால், இந்தப் பிள்ளை யாரும் சொல்லாமல் ஒரு கணக்கையாவது உட்கார்ந்து போட்டதுண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்த இரண்டு வருஷத்தை வேறு எதற்குக் கொடுக்கலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அனுப்பிய பிறகும், 'பிடிக்கலைன்னா திரும்பி வா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசில் நினைத்தால் போதாது. பிள்ளைகளுக்கு அது கேட்காது.

சோறு போடுமா என்று கேட்பீர்கள். எல்லாத் திறமையும் சோறு போடாது, போட வேண்டிய அவசியமும் இல்லை. பாங்கில் வேலை பார்த்துக்கொண்டே 40 வருஷம் மிருதங்கம் வாசித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேலை வேறு, தனக்கு வருவது வேறு என்று இருந்தாலும், தினம் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கியவர்கள் முகத்தில் ஒரு களை இருக்கிறது.

ரிடையர் ஆனவர்களுக்கும் இது பொருந்தும். என் அகத்துக்காரர் 62 வயதில் கடிகாரம் ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். பையனாக இருந்தபோது அலாரம் கடிகாரத்தைப் பிரித்ததற்கு அடி வாங்கியவராம். இப்போது எங்கள் காலனியில் நின்றுபோன கடிகாரமெல்லாம் எங்கள் டைனிங் டேபிளில்தான் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, சாப்பிட இடமில்லை.

கடைசியாகக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். வருஷா வருஷம் பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் அதிக மார்க் வாங்கிய பிள்ளைகளுக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுக்கிறோம். தொடர்ந்து கொடுப்போம். அதோடு இன்னொரு கிண்ணமும் வைக்க வேண்டும். ஒரு பிள்ளையிடம் தாங்கள் கவனித்த ஒரு திறமையை, வேறு வீட்டுப் பெரியவர் ஒருவர் அரைப் பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். சொந்தப் பிள்ளையைப் பற்றி எழுதக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிள்ளைக்கும் எழுதியவருக்கும் சேர்த்துப் பரிசு. முதல் வருஷக் கிண்ணத்தை என் அத்தையின் பெயரில் நான் வாங்கித் தருகிறேன். பொருளாளர் தலையாட்டுகிறார், கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அரைப் பக்கத்தை அடுத்த இதழ் வருவதற்குள் கொடுத்துவிடுங்கள். இங்கே வர முடியாத வெளியூர் உறுப்பினர்கள் தபாலில் அனுப்பலாம்.

காபி ஆறுகிறது என்று பின்னாலிருந்து ஜாடை காட்டுகிறார்கள்.